காத்தான்குடியிலிருந்து திருகோணமலைக்கு சைக்கிளில்



போன விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் காத்தான்குடியிலிருந்து திருகோணமலை வரை சைக்கிளில் போனதைப் பற்றிப் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "எத்தனை மணித்தியாலம் எடுத்தது சேர்?" என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வியும். இரண்டு நாள் எடுத்தது. தூரம் 130 கிலோமீற்றருக்குச் சற்று மேல். மிதிக்கத் தெரிந்தவர்கள் ஒரே நாளிலும் முடிப்பார்கள். அவசரமென்றால் பஸ் இருக்கிறதே.

ஐவரும் ஆசிரியர்கள்தான். ஒருவர் ஓய்வு பெற்ற அதிபர், வயது அறுபத்து மூன்று. வழி முழுக்க முன்னால் போனவர் அவர்தான். ஒருவர் சித்தாண்டிக்காரர். இன்னொருவர் மூதூரில் பிறந்து எங்கள் ஊரில் கல்யாணம் முடித்தவர். எங்கள் சைக்கிள்களில் மூன்று, 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துப்போய் வாங்கியவை. அந்த வருஷம் சைக்கிள் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பெற்றோல் வந்ததும் பாதி ஊர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டது. நாங்கள் சாத்தவில்லை, அவ்வளவுதான்.

சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். கல்லடிப் பாலம், மட்டக்களப்பு, ஏறாவூர், செங்கலடி, சித்தாண்டி, கிரான், வாழைச்சேனை, ஓட்டமாவடி. இந்தத் துண்டைப் பற்றி எழுத அதிகமில்லை. தினமும் ஓடுகிற வீதி, கூட வருவது பஸ்களின் ஹோர்ன் சத்தம். ஓட்டமாவடியில் பராட்டாவும் இஞ்சிப் பிளேன்டியும் முடித்துவிட்டு, நாவலடிச் சந்தியில் கொழும்பு வீதியை விட்டுத் திருகோணமலை வீதியில் திரும்பினோம். எங்களுக்குப் பயணம் அங்கேதான் தொடங்கியது.

அதற்குப் பிறகு காடு, வெளி, இடைக்கிடையே கடல். காயாங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று ஊர்ப் பெயர்களில் கேணி கேணியாக வருகிறது. ஆனால் தண்ணீர்ப் போத்தல் வாங்கக் கடை தேடினால் கிடைப்பது அருமை. ஆளுக்கு மூன்று லீற்றராவது கொண்டு போங்கள். கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும். ஒன்பது மணிக்கே வெயில் முதுகைச் சுடும். பனிச்சங்கேணிக் களப்பில் வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். வாகரையில் ஒரு அம்மா அவித்த சோளன் விற்றுக்கொண்டிருந்தார். "எங்கேருந்து வாறீங்க பிள்ளையள்?" என்று கேட்டு, ஐந்துக்குக் காசு வாங்கி ஆறு தந்தார். எத்தனையோ தடவை வேனில் இவ்வழியே போயிருக்கிறோம். வாகரையில் ஒரு ஆளோடும் அதற்கு முன் கதைத்ததில்லை.

இளம் பிள்ளைகளுக்காக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் முன்பு "பாதை" என்றால் றோட்டு இல்லை. ஆற்றைக் கடக்க ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவைதான் பாதை. இந்த வீதியில் காயாங்கேணி, வெருகல், இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று பாதைக்கு மேல் பாதை இருந்தது. ஒவ்வொன்றிலும் காத்திருக்க வேண்டும். வெள்ளம் வந்தால் அதுவும் ஓடாது. யுத்த காலத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போனது. மூதூரார் திருகோணமலைக்கு லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்தார்கள். நாங்கள் திருமலை போவதென்றால் காட்டு வழியைச் சுற்றிக்கொண்டு ஹபரணைப் பக்கம் போய்த்தான் வந்தோம். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. 2011இல் மற்ற ஐந்து இடங்களிலும் பிரான்ஸ் நாட்டு உதவியோடு பாலங்கள் வந்தன. வேனில் போகிறவருக்கு அந்தப் பாலங்கள் ஒரு நிமிஷம்கூட இல்லை. சைக்கிளில் ஏறி மிதித்துக் கடக்கும்போதுதான் கீழே ஓடுகிற தண்ணீரின் அகலம் தெரிகிறது.

வெருகலுக்கு லுஹர் நேரம் வந்து சேர்ந்தோம். வெருகலாறு மகாவலியின் ஒரு கிளை. ஆற்றங்கரையில் முருகன் கோயில் இருக்கிறது. சித்தாண்டி சேர் உள்ளே போய்க் கும்பிட்டு வரும்வரை நாங்கள் மர நிழலில் படுத்துக் கிடந்தோம். நாங்கள் லுஹரையும் அஸரையும் சேர்த்துக் கஸ்ராகத் தொழுது முடிக்கும்வரை அவர் சைக்கிள்களுக்குக் காவல் இருந்தார்.

வெருகலைத் தாண்டியதும் வயல் பூமி. கிளிவெட்டிப் பக்கம் வந்தபோது பெரிய வீதியை விட்டுவிட்டு வாய்க்கால் கட்டில் இறங்கினோம். காபட் வீதி நல்லதுதான், ஆனால் சைக்கிளுக்கென்று அதில் ஒரு முழ இடம் ஒதுக்கவில்லை. லொறி வந்தால் நாம்தான் புல்லுக்குள் இறங்க வேண்டும். வாய்க்கால் கட்டில் மருத மர நிழல், தண்ணீர் ஓடும் சத்தம், மாட்டுக்காரத் தம்பிமார். நெருஞ்சி முள்ளும் தாராளம். இரண்டு டியூப் போனது. பெச்சும் சொலூஷனும் பம்பும் இல்லாமல் கட்டில் இறங்க வேண்டாம்.

மூதூர் சேர் அதுவரை பகிடி விட்டுக்கொண்டு வந்தவர், அங்கே அமைதியாகிவிட்டார். 2006 ஜூலையில் மாவிலாறு அணை மூடப்பட்டதோடு சண்டை மூண்டது. ஓகஸ்ட் மாதத்தில் மூதூர் மக்கள் ஊரை விட்டுக் கால்நடையாகக் கந்தளாய்க்குப் போனார்கள். அப்போது அவருக்குப் பதினொரு வயது. நடக்கமுடியாத மூத்தம்மாவை வாப்பா சைக்கிள் கரியலில் இருத்தி, சாரனால் சீற்றோடு சேர்த்துக் கட்டி, கந்தளாய் மட்டும் தள்ளிக்கொண்டு போனாராம். சைக்கிள் இருந்த வீட்டுக்காரர் எல்லோரும் அப்படித்தான் செய்தார்களாம். அவர் பின்னால் நடந்து, கரியலைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். "ஏறி மிதிச்ச ஒருத்தரையும் அண்டைக்கு நான் காணல்ல. எல்லாரும் தள்ளிக்கிட்டுத்தான் போனாங்க" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மஃரிபுக்கு மூதூர் போய்ச் சேர்ந்தோம். அவருடைய உம்மா சோறும் மீன் ஆணமும் வைத்துக் காத்திருந்தார். அந்தச் சைக்கிள் என்ன ஆனது என்று அதிபர் சேர் கேட்டார். "முகாமிலேயே வித்துட்டோம், அரிசிக்கு" என்றார் உம்மா.

மறுநாள் தூரம் குறைவு, பாலம் அதிகம். கங்கைப் பாலத்தில் இறங்கி நின்றோம். நுவரெலியா மலைப் பக்கத்தில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடி வருகிற மகாவலி இங்கேதான் கடலை நெருங்குகிறது. எத்தனை வருஷம் வகுப்பில் வரைபடத்தில் கம்பால் தொட்டுக் காட்டியிருக்கிறோம்! நேரில் பார்த்தால் அலுங்காமல், கலங்கலாக, பெரிய மனிதரைப்போல் போகிறது.

கிண்ணியாவில் பாலத்துக்குப் போகுமுன் குறிஞ்சாக்கேணிப் பக்கம் போனோம். 2021 நவம்பர் 23, காலை நேரம். பாலம் கட்டும் வேலைக்காகப் பழைய வழி அடைபட்டிருக்க, மாற்றாக ஓடிய பாதை கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு பேர் மௌத்தானார்கள். பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில். மறுகரை கூப்பிடு தூரம்தான். துஆச் செய்துவிட்டு வந்தோம். கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், திறந்தபோது நாட்டிலேயே நீளமானது. அதன் உச்சியில் காற்று சைக்கிளைச் சரிக்கப் பார்த்தது. அங்கிருந்து திருகோணமலை வரை அதிபர் சேரும் பேசாமலேதான் மிதித்தார்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த விடுமுறையில் உயர்தர மாணவர்கள் பன்னிரண்டு பேரை இதே வழியில் கூட்டிப்போக விரும்புகிறோம். ஏழு பேருக்கு வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது. ஒரு உம்மா வந்து, "சேர், பாதையில ஏத்துவீங்களா?" என்று கேட்டார். இப்போது எல்லாம் பாலம்தான் உம்மா என்றோம். "அப்ப லொறிக்கு என்ன செய்யிற?" என்றார்.

அதற்கு எங்களிடம் அரைப் பதில்தான் இருக்கிறது. ஐந்தரைக்குப் புறப்பட்டு, வாகனம் கூடுமுன் ஓட்டமாவடியைத் தாண்டுவது. முன்னால் இரண்டு ஆசிரியர், பின்னால் இரண்டு ஆசிரியர், கடைசியில் தண்ணீரோடு ஒரு பட்டா லொறி. கிளிவெட்டியிலிருந்து வாய்க்கால் கட்டு. நாவலடிக்கும் வெருகலுக்கும் இடையில்தான் ஒதுங்க வேறு வழி தெரியவில்லை. வாகரை, கதிரவெளிப் பக்கத்து நண்பர்கள் யாருக்காவது உள் றோட்டுகள் தெரிந்தால் சொல்லுங்கள். பட்டா ஓட்ட ஒருவரும் தேவை, இரண்டு நாளைக்கு. சாப்பாடு மூதூர் உம்மாவின் பொறுப்பு.