லூமுட்டில் ஒரு விறகு நினைவு

ஈப்போவிலிருந்து சித்தியவான் வழியாக ஏறக்குறைய 80 கிலோமீட்டர் போனால் லூமுட். பங்கோர் தீவுக்குப் படகு ஏறும் துறை இது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போய் வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

லூமுட்டுக்குத் தெற்கே, கடலைத் தூர்த்து உண்டாக்கிய திடலில் மஞ்சோங் மின்நிலையம் 2003 முதல் இயங்குகிறது. கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரிதான் அங்கே எரிபொருள். அந்த உயரமான புகைபோக்கியைப் பார்த்ததும் எனக்கு எங்கள் லயத்து அடுப்பு ஞாபகம் வந்தது.

தோட்டத்தில் சோறு பொங்கியதும் பால்மர விறகில்தான். ஸ்டோரில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைத்ததும் அதே விறகில்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மா தலைச்சுமையாக விறகு கொண்டு வருவார். ஈரக் கட்டையாக இருந்துவிட்டால் ஊதி ஊதியே அவர் கண்கள் சிவந்துவிடும். மறுநடவுக்காகச் சாய்த்த மரங்களையோ குவித்துத் தீ வைத்துவிடுவார்கள்.

1980-களில் நிலைமை மாறியது. பால்மரம் மேசை, நாற்காலி செய்யும் மரமாயிற்று. அறுவை ஆலைகளில் மரத்தூளும் துண்டு துணுக்குகளும் மலைபோல் சேர்ந்தன. அவைதான் இப்போது எரிபொருளாகின்றன. தூளை நன்றாக உலர்த்தி, இயந்திரத்தில் இட்டுப் பலமாக அழுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் மரத்திலேயே உள்ள லிக்னின் என்னும் பொருள் இளகிப் பசைபோல் பிடித்துக்கொள்ளும். சுண்டுவிரலைவிட மெல்லிய வில்லைகளும், நடுவில் துளையுள்ள கட்டைகளும் கிடைக்கின்றன.

இதில் என்ன லாபம்? பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். எரியும் சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே வீணாகிறது. அம்மாவின் கண்ணைக் கரித்த புகைக்குக் காரணமும் அதுதான். நல்ல வில்லையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் இராது. ஜப்பான், தென்கொரிய மின்நிலையங்கள் நம் நாட்டு வில்லைகளையும் வாங்கி எரிக்கின்றன.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. கழிவை எரிப்பது வேறு. கழிவு என்று பெயர் சொல்லிக் காட்டை வெட்டுவது வேறு. வெட்டிய இடத்தில் மரம் மீண்டும் வளர்ந்தால்தான் எரித்த கரியைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கும்.

இதற்கு நம் பேராக்கிலேயே பாடம் இருக்கிறது. லூமுட்டுக்கு வடக்கே, போர்ட் வெல்ட் என்று முன்பு அழைக்கப்பட்ட கோலா செப்பெத்தாங்கில் பாக்காவ் மரத்தைச் சூளையில் அடுக்கிக் கரி மூட்டுகிறார்கள். ஏறக்குறைய 40,000 ஹெக்டர் பரப்புள்ள மாத்தாங் சதுப்புக் காட்டில், வெட்டிய பகுதியை மீண்டும் வெட்ட 30 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது முறை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் காடு நிற்கிறது.

அடுத்த முறை லூமுட் போகும்போது பிள்ளைகளுக்குக் கடலை மட்டும் காட்டாதீர்கள். அந்தப் புகைபோக்கியையும் காட்டுங்கள். பாட்டி விறகு சுமந்த கதையையும் சொல்லுங்கள். எரிபொருளின் அருமை அவர்களுக்குத் தானாகவே விளங்கும்.