மிச்சத்தின் விலை

எங்கள் வீட்டில் எதுவும் லேசில் குப்பைக்குப் போகாது. மிஞ்சிய இட்லி உப்புமா ஆகும். கிழிந்த வேட்டி கரித்துணி ஆகும். “தூக்கிப் போட ஒரு நிமிஷம் போதும்டா, வாங்கறதுக்கு?” என்பாள் அம்மா. இப்படி வளர்ந்தவனிடம், அணு உலையிலிருந்து எடுக்கும் பழைய எரிபொருளில் சுமார் 95 சதவீதம் யுரேனியமாகவே இருக்கிறது, கூடவே 1 சதவீதம் புளூட்டோனியமும் உண்டாகியிருக்கிறது என்று சொன்னால் என்ன தோன்றும்? இதைப் போய் யாராவது புதைப்பாங்களா என்றுதான். மறுபதப்படுத்தலுக்கு ஆதரவான வாதம் நம்மைச் சுலபமாக மடக்குவது இந்த இடத்தில்தான்.

ஆனால் உப்புமாவுக்கு இட்லி உதிர்க்க யாரும் கூலி கேட்பதில்லை. இங்கே செலவே அதில்தான். கிட்டே போனாலே கொல்லும் கதிர்வீச்சுள்ள கோல்களை, தடித்த கான்கிரீட் சுவருக்கு இப்பால் இருந்துகொண்டு எந்திரங்களால் வெட்ட வேண்டும். சூடான நைட்ரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரிக்க வேண்டும். எஞ்சும் கடும் கழிவைக் கண்ணாடியோடு உருக்கி வார்த்து, கடைசியில் அதையும் புதைக்கத்தான் வேண்டும். குழி தோண்டும் வேலை மிச்சமாவதில்லை.

இதை வியாபாரமாகவே செய்து பார்த்தது பிரிட்டன். செல்லாஃபீல்டில் தார்ப் ஆலை 1994-இல் இயங்கத் தொடங்கியது. ஜப்பான், ஜெர்மனி மின் நிறுவனங்கள் வாடிக்கையாளர்கள். 2005-இல், குழாய் உடைந்து சுமார் 83,000 லிட்டர் கரைசல் ஆலைக்குள்ளேயே மாதக்கணக்கில் கசிந்திருந்தது தெரியவந்தது. பிறகு புதிய ஒப்பந்தங்களுக்கு ஆளில்லை. 2018-இல் மூடிவிட்டார்கள். அந்நாட்டில் பல பத்தாண்டுகளாகப் பிரித்தெடுத்துச் சேர்ந்த புளூட்டோனியம் சுமார் 140 டன். 2025-இல் அரசு எடுத்த முடிவு: அதைத் திடப்படுத்திப் புதைத்துவிடலாம். அத்தனை பாடுபட்டுப் பிரித்ததை!

2003-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். யுரேனியம் கிலோ 360 டாலரைத் தாண்டினால்தான் மறுபதப்படுத்தல் கட்டுப்படியாகும். 2007-இல் சந்தை கொதித்து அந்த விலையை நெருங்கியது; சீக்கிரமே சரிந்தும்விட்டது.

நம் நாட்டின் கதை வேறு. யுரேனியம் குறைவு, தோரியம் ஏராளம். 1974 அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு வெளியிலிருந்து எரிபொருள் கிடைப்பதும் சிக்கலானது. கல்பாக்கத்தில் 2004-இல் கட்டத் தொடங்கிய வேக ஈனுலைக்குப் பழைய எரிபொருளிலிருந்து பிரித்த புளூட்டோனியம்தான் சோறு. இதை நான் கேலி செய்ய மாட்டேன். கதவு சாத்தப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் அரிசி சேர்த்துவைப்பது நியாயம்தான்.

அப்படியானால் அதற்குக் காப்பீடு என்று பெயர் வையுங்கள். சிக்கனம், லாபம் என்றெல்லாம் சொல்ல வேண்டாம். காப்பீடு என்றால் எனக்குக் கேட்க ஒரு கேள்விதான் உண்டு: வருஷத்துக்கு பிரீமியம் எவ்வளவு?