ஏழு சனிக்கிழமைகள்

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் சம்பளம். மளிகைக் கடை பாக்கி, சீட்டுப் பணம், ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாம் அந்தக் கவரை நம்பித்தான். 2022-ல் அப்படியொரு சனிக்கிழமை, அங்கேரிபாளையம் சாலைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த பவர் டேபிள் யூனிட்டுக்குப் போயிருந்தேன். பெரிய பனியன் கம்பெனிகளிடம் வெட்டிய துணியை வாங்கி, தைத்து மட்டும் கொடுக்கிற இடம் அது.

ஓவர்லாக் மிஷினில் இருந்த டெய்லர் அக்கா உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். தோளை இணைத்து, கையை ஏற்றி, பக்கவாட்டை மூட்டி அவர் தள்ளிவிடும் பனியனுக்கு அடுத்த மிஷினில் பேட்லாக் டெய்லர் அடிமடிப்பு ஓட்டுகிறார். நடுவில் நிற்கிற கைமடிப் பெண் துணியை அடுக்கித் தருகிறாள், பிசிறு வெட்டுகிறாள். ஒருவர் எழுந்தால் மூன்று பேர் வேலையும் நின்றுவிடும்.

காண்ட்ராக்டர் கணக்கில் அடிக்கடி தகராறு வருவதால் அக்கா தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறார். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்கு உட்கார்ந்து இரவு எட்டரைக்கு எழுந்தால் ஒன்றரை. 2020 மார்ச் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். 21, சனிக்கிழமை, சம்பளம் வாங்கியிருக்கிறார். 22, மக்கள் ஊரடங்கு. 23-ல் ஒன்றரை. 24-ல் ஒன்றுதான்; அன்று மாலை ஆறு மணியிலிருந்து தமிழ்நாடு முழுக்க 144 தடை உத்தரவு. அந்த இரண்டரை ஷிப்ட் கூலி மே 16-ல்தான் கைக்கு வந்தது. நடுவில் ஏழு சனிக்கிழமைகளுக்கும் வெறும் கோடு.

கொரோனா ஊரடங்கு நாட்களுக்கும் கூலியைப் பிடிக்காமல் கொடுக்கச் சொல்லி மத்திய உள்துறை மார்ச் 29-ல் உத்தரவு போட்டது. மே மாதம் அதுவும் விலக்கிக்கொள்ளப்பட்டது. இந்தச் சந்து வரைக்கும் அந்த உத்தரவு வரவே இல்லை.

"ஓனரே கட்டட வாடகைக்கு முழிச்சாரு தம்பி. அவர்ட்ட போயி என்னத்தக் கேக்க?"

அவர் முழித்ததற்கும் காரணம் இருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் துணிக்கடைகள் சாத்தியதும் ஆர்டர்கள் ரத்தாயின, தள்ளிப்போயின. எக்ஸ்போர்ட் கம்பெனி ஜாப் ஒர்க் பில்லை நிறுத்தியது. கடைசிக் கண்ணி தையல் கூலி.

வருங்கால வைப்பு நிதியிலிருந்து மூன்று மாதச் சம்பளம் அல்லது இருப்பில் 75 சதவீதம், எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. பெரிய கம்பெனியில் அயர்ன் பண்ணுகிற பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார். காண்ட்ராக்டில் பதினைந்து வருஷம் தைத்த அக்காவுக்கு பி.எஃப். எண்ணே கிடையாது. ஏப்ரலில் மாநில அரசு கொடுத்த 1,000 ரூபாயும் ரேஷன் கார்டு இருந்த உசிலம்பட்டியிலேயே நின்றுவிட்டது, மாமியார் வாங்கிக்கொண்டார். திருப்பூரில் தோடு அடகுக்குப் போனது.

மே 1-லிருந்து வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான ஷ்ரமிக் சிறப்பு ரயில்கள் ஓட ஆரம்பித்தன. யூனிட்டில் இருந்த ஒடிசாப் பையன்கள் நான்கு பேர் ஊருக்குப் போனார்கள். இரண்டு பேர் திரும்பவே இல்லை.

யூனிட் திறந்தபோது ஒரு மிஷின் விட்டு ஒரு மிஷின்தான் ஓடியது. பனியன் இல்லை, முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தைத்தார்கள். இடைவெளி வேண்டும் என்று கைமடியை நிறுத்தினார்கள். தைப்பது, அடுக்குவது, பிசிறு வெட்டுவது மூன்றும் டெய்லர் தலையில் விழுந்தது. "வாயைக் கட்டிக்கிட்டு அந்த வேக்காட்டுல ஒக்காந்தா மூச்சு முட்டும். கழட்டினா பஞ்சுத் தூசி."

2021 மே 10-ல் மறுபடி முழு ஊரடங்கு. ஜூன் 7-ல் மற்ற மாவட்டங்களுக்குக் கூடுதல் தளர்வு வந்தபோதும், தொற்று அதிகமிருந்த 11 மாவட்டங்களில் ஒன்றாகத் திருப்பூர் பின்தங்கி நின்றது. நோட்டில் மறுபடி கோடுகள்.

அதற்குப் பிறகு ஆர்டர் குவிந்தது. 2021-22-ல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 33,000 கோடி ரூபாயைத் தாண்டியது. தோடு இன்னும் மீளவில்லை என்றார் அக்கா.

எட்டரை அடித்ததும் மிஷின்கள் ஓய்ந்தன. காண்ட்ராக்டர் பெயர் சொல்லிக் கவர் கொடுத்தார். அக்கா நின்ற இடத்திலேயே எண்ணிப் பார்த்தார். கவரில் எட்டு ஷிப்டுக்கான பணம், நோட்டில் எட்டரை. நோட்டை விரித்துப் பிடித்தபடி மேஜைக்குத் திரும்பிப் போனார்.