நாவுக்கும் ஒரு நியாயம்

அரிசியின் விலையைப் பற்றிப் பேசும்போது நம் குரல் உயர்கிறது. ஆனால், அவ்வரிசியைச் சோறாக்கி, அதற்கொரு குழம்பும் சம்பலும் கூட்டி, வீட்டார் ஒன்றாயிருந்து உண்ணும் இன்பத்தைப் பற்றிப் பேச நேர்ந்தால் நாம் சற்றே கூச்சங் கொள்கிறோம். பசி சமுதாயப் பிரச்சினை, சுவை தனிமனித விவகாரம் என்பது நம்மிற் பலரது எண்ணம். உணவில் இன்பம் காண்பது வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கென்று சொல்வாருமுளர். இவ்வெண்ணம் தவறானது என்பதே என் கருத்து. யாழ்ப்பாணத்து ஒடியற் கூழைக்கொண்டு அதனை விளக்க முயல்கிறேன்.

பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலிற் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியலை மாவாக்கி, நீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரைத் திரும்பத் திரும்ப வடித்தாலன்றி அதன் கைப்பு நீங்காது. உலையில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு ஆகியன வேகும். பிறகு மீன்தலையும் சிறு நண்டும் இறாலும் சேரும். செத்தல் மிளகாயும் மஞ்சளும் சேர்த்தரைத்த கூட்டையும் பழப்புளியையும் மாவையும் கரைத்து ஊற்றி, கட்டி படாமல் துழாவி, முருங்கையிலையைப் போட்டு இறக்கினால் கூழ் ஆயிற்று. அதனைக் கோலிய பலாவிலையிலோ சிரட்டையிலோ வாங்கி, தேங்காய்ச் சொட்டைக் கடித்தபடி சுடச்சுடக் குடிக்க வேண்டும்.

இவற்றுள் ஆடம்பரப் பொருள் எது? பனை வேலியோரத்தில் நிற்பது. மீனோ சந்தையில் நல்ல விலைக்குப் போகாத பொடிமீன். அரிசி அருமையாயிருந்த வீடுகளில் அரிசியின் இடத்தைப் பனையின் மாவு நிரப்பியது. ஆயினும், வயிற்றை நிரப்புவது மட்டுமே நோக்கமாயிருந்தால், மாவைக் காய்ச்சி உப்பிட்டுக் குடித்திருக்கலாமே! புளியும் காரமும் கீரையும் இன்ன அளவிற் சேரவேண்டுமென்று கண்டறிந்தவர்கள் உழைக்கும் மக்களே. இல்லாமையின் நடுவிலும் அவர்கள் சுவையைக் கைவிடவில்லை என்பதற்கு இக்கூழே சாட்சி.

அடுப்படியின் வரலாறு அரசியல் வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 1953 ஆம் ஆண்டில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பையேற்று ஓகஸ்ட் 12 இல் மக்கள் நடத்திய ஹர்த்தாலின் அதிர்ச்சி அடங்குமுன், அவ்வாண்டு ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். உலைமூடியைத் திறந்து பார்த்த பெண்களின் கோபமும் அவ்வெழுச்சியில் கலந்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

2022 ஆம் ஆண்டை நம் மாணவர் நன்கறிவர். அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 94.9 வீதமாயிருந்தது. அவ்வாண்டின் இறுதியில், பத்தாந்தர மாணவர்க்கு 'எங்கள் வீட்டுச் சமையல்' என்று ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள்: முதலிற் பொரியல் நின்றதாம், பின்னர் மீன் வாரத்துக்கு ஒருமுறையாயிற்றாம், பின்னர் ஒரு தேங்காயை இரண்டு நாளைக்கு வைத்துக்கொண்டார்களாம், சோறு மட்டும் நிற்கவில்லையாம். பட்டினி என்ற சொல் அக்கட்டுரையில் ஓரிடத்தும் இல்லை. புள்ளிவிபரங்களுக்கு அவள் வீடு உண்டுவிட்ட வீடு. ஆனால் வறுமை அவ்வீட்டினுட் புகுந்த வழியை அவள் தெளிவாகக் கண்டிருக்கிறாள். வறுமை முதலிற் பறிப்பது சோற்றையன்று; சோற்றின் சுவையை. அதன்பின் பிள்ளைகள் உணவு நேரத்துக்காகக் காத்திருக்கும் ஆவலை.

சுவைக்கு இன்னொரு பகையும் நம்மிடையே உண்டு. கூடியிருந்து கூழ் குடிக்கையில் சிரட்டை ஒரு குதூகலம். அதே சிரட்டையை முற்றத்தில் நிற்பவர் கையிற் கொடுத்து, 'உன் இடம் அது' என்று உணர்த்திய சமுதாயமும் நம்முடையதே. தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் போத்தலும் தகரப் பேணியும் தனியே வைக்கப்பட்டிருந்தன. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், 1960 களில் அக்கடைகளினுள் நுழைந்து சமமாக அமர்ந்து தேநீர் அருந்துவதற்கு அம்மக்கள் போராட வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டது தேநீரை மட்டுமன்று. மற்றவர்கள் அருந்தும் குவளையில், மற்றவர்கள் அமரும் வாங்கிலிருந்து, அவசரமின்றி அருந்தும் சுகத்தையும் கேட்டார்கள். சின்ன இன்பம் என்று நாம் சொல்வது எத்துணைப் பெரிய உரிமை!

வீட்டினுள்ளும் ஒரு பந்தி வேறுபாடு உண்டு. கூழின் பெருமையைப் பேசுவோர் திண்ணையில் இருக்கிறார்கள். மாவை வடித்தவள் புகையில் நிற்கிறாள். நண்டுக் கால்கள் தீர்ந்தபின் பானையின் அடியில் எஞ்சுவதே அவள் பங்கு. 'அம்மாவின் கைப்பக்குவம்' என்ற புகழ்ச்சி அவளுடைய இடுப்பு வலிக்கு மருந்தாகாது. ஒருவரின் இன்பம் மற்றொருவரின் ஓய்வைத் தின்று வளருமாயின் அதனை எளிய இன்பமென்று போற்றுவது எங்ஙனம்?

ஆகவே, உணவு உரிமை என்று எழுதும் நண்பர்கள் அதனை இத்தனை கிராம் என்ற கணக்கோடு நிறுத்திவிடலாகாது. நிவாரணப் பொதியைக் கட்டுவோர் அரிசிக்கும் மாவுக்கும் பக்கத்தில் ஒரு பிடி செத்தல் மிளகாயும் ஓர் உருண்டை பழப்புளியும் வைக்கட்டும். வீட்டிற் கூழ் காய்ச்சுவோர் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் மாவைக் கரைத்துத் துழாவும் வேலை இப்போது என்னுடையது. முதற் பலாவிலையை அம்மா வாங்கிக்கொள்கிறார். ஒரு வாய் குடித்துவிட்டு, உப்புப் போதாது என்று தயங்காமற் சொல்கிறார்.