திறக்க மறுத்த கோப்பு

சில மாதங்களுக்கு முன் கனடாவிலிருந்து ஒரு பெண் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். 1996ஆம் ஆண்டு மட்டக்களப்பில் நான் பேட்டி கண்ட கூத்து அண்ணாவியார் ஒருவரின் பேத்தி அவர். வீட்டில் பாதுகாத்து வைத்திருந்த பத்திரிகை நறுக்கு 2004 சுனாமியோடு போய்விட்டதாம். "அம்மப்பா உங்களோடு கதைத்தது முழுவதும் இருக்கிறதா ஐயா? அம்மா கேட்கிறா" என்று எழுதியிருந்தார்.

அந்தப் பேட்டியின் அரைவாசிதான் அச்சில் வந்தது. இடமில்லை என்று மீதியை வெட்டியவன் நானேதான். கையெழுத்துக் குறிப்புகளும் இன்று என்னிடம் இல்லை. பிளொப்பியிலிருந்து இறுவட்டுக்கும், அங்கிருந்து வன்தட்டுக்கும் இடம்பெயர்ந்து வந்த ஒரு கணினிக் கோப்பு மட்டுமே எஞ்சியிருந்தது.

அதைச் சொடுக்கினேன். திறக்கவில்லை. பழைய வகைக் கோப்பு என்பதால் தடுக்கப்பட்டுள்ளது என்று வேர்ட் அறிவித்தது. அழிந்துவிட்டது என்றே எண்ணினேன்.

கணினி தெரிந்த அயல்வீட்டுத் தம்பியை அழைத்தேன். "முதலில் ஒரு பிரதி எடுங்கோ ஐயா. அசலைத் தொட வேண்டாம்" என்றார். அடுத்துக் கோப்பின் அளவைப் பார்த்தார். பூச்சியம் என்றிருந்தால் உள்ளே எதுவும் இல்லை என்று பொருளாம். நல்லவேளை, அளவு இருந்தது. வேர்ட் 95 காலத்துக் கோப்புகளையும் அதற்கு முந்தியவற்றையும் புதிய வேர்ட் பாதுகாப்புக் கருதித் தடுப்பது வழக்கம் என்றும், அந்தத் தடையை அமைப்புகளுக்குள் சென்று தளர்த்தலாம் என்றும் விளக்கினார். நாங்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் மென்பொருளில் திறந்து பார்த்தோம்.

திறந்தது. ஆனால், திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். இடையிடையே அரைப்புள்ளிகள். "பழுதாகிவிட்டது போல" என்று தம்பி கையை விரித்தார்.

இப்போது சொல்லிக்கொடுக்கும் முறை என்னுடையதாயிற்று. அக்காலத்தில் எங்கள் ஆசிரியபீடத்தில் பாமினி எழுத்துருவையே பாவித்தோம். அது ஒருங்குறி அன்று. கணினி சேமித்து வைத்தது ஆங்கில எழுத்துகளின் குறிகளையே. அவற்றுக்குத் தமிழ் வேடம் கட்டியது எழுத்துரு. அது இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். எழுதியது அழிவதில்லை.

திரையின் ஓரிடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள் வரிசையாக நின்றன. பல வருடங்கள் அந்த விசைகளைத் தட்டிய விரல்களுக்கு அகராதி தேவைப்படவில்லை. அது 'அம்மா'.

பாமினியை நிறுவி, அந்தப் பக்கங்களுக்கு அதைத் தெரிவு செய்ததும் அண்ணாவியார் பேசத் தொடங்கினார். பின்னர் எழுத்துரு மாற்றி ஒன்றின் துணையுடன் முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்றினோம். இடையில் வந்த ஆங்கிலச் சொற்களையும் அது தமிழென எண்ணி உருக்குலைத்துவிட்டது. ஆகவே, பழைய நாட்களைப் போல வரிவரியாக ஒப்புநோக்கித் திருத்தினேன்.

அப்போதுதான் நான் வெட்டிய பகுதியை மீண்டும் வாசித்தேன். மனைவியின் பெயரைச் சொல்லாமல், "பிள்ளைகளின்ர அம்மா" என்றே அண்ணாவியார் குறிப்பிட்டிருந்தார். கூத்து உடுப்புகளை இரவிரவாகத் தைத்தவர் அவர். ஆட்டக்காரர் மறந்த வரிகளைத் திரைமறைவில் நின்று எடுத்துக் கொடுத்தவரும் அவர். அச்சில் வந்த பாதியில் அந்த அம்மையார் ஓரிடத்திலும் இல்லை.

கோப்பை அனுப்பி வைத்தேன். மறுநாள் பதில் வந்தது. தாயாருக்கு உரத்து வாசித்துக் காட்டினாராம். அந்தப் பகுதியை இரண்டாந்தரமும் வாசிக்கச் சொன்னாராம்.

உங்கள் வீடுகளிலும் இத்தகைய இறுவட்டுகள் இருக்கக்கூடும். திறக்கவில்லை என்பதற்காக எறிந்துவிடாதீர்கள். பிரதி எடுங்கள், பழைய எழுத்துருவைத் தேடுங்கள், ஒருங்குறிக்கு மாற்றி வையுங்கள். அந்த விசைகளை அறிந்த விரல்கள் இன்னும் சில எஞ்சியிருக்கின்றன.