இது பரீட்சைக்கு வருமா சார்?



என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது கல்லூரியில் கணிதம் நடத்துகிறாள். போன வாரம் போனில் பேசினாள். "முதல் பெஞ்சைத் தவிர யாரும் கவனிப்பதில்லை சார். இது பரீட்சைக்கு வருமா என்று மட்டும் கேட்கிறார்கள். வேலையை விட்டுவிடலாமா என்று இருக்கிறது" என்றாள். உங்களிலும் சிலர் கல்லூரிகளில் இருக்கிறீர்கள். அதனால் அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து எட்டாம் வகுப்பு வரை கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். கல்லூரிப் பாடம் எனக்குத் தெரியாது. ஆனால் சார்லஸ் ரசீன் என்ற பாதிரியாரைப் பற்றிப் படித்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரர், ஏசு சபைத் துறவி. பாரிஸில் எலீ கார்த்தான் என்ற கணித மேதையிடம் ஆராய்ச்சி செய்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் பிறகு சென்னை லயோலாவிலும் பாடம் நடத்தினார்.

அந்தக் காலத்தில் நம் கல்லூரிகளில் பழைய கேம்பிரிட்ஜ் முறைக் கணிதம்தான். ரசீன் பாடத்திட்டத்தோடு நிற்கவில்லை. பிரான்சில் அப்போது வளர்ந்துகொண்டிருந்த புதிய கணிதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். ஆர்வமுள்ளவர்களைப் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகச் சொன்னார். அவரிடம் படித்த எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் 1953-ல் அங்கே சேர்ந்தார்கள். 1965-ல் இருவரும் வெளியிட்ட தேற்றம் இன்றும் உலகம் முழுதும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

ரசீன் அவர்களுக்குக் கொடுத்தது என்ன? என் புத்திக்கு எட்டியது இதுதான்: பாடம் முடிந்துபோன விஷயம் இல்லை, அதில் உனக்கும் வேலை பாக்கி இருக்கிறது என்ற எண்ணம். எல்லாம் புத்தகத்தில் எழுதி முடித்தாயிற்று என்றால், இருபது வயதுப் பிள்ளைக்கு மனப்பாடத்தைத் தவிர வேறென்ன மிச்சம்?

அவளிடம் சொன்னேன்: "வாரத்துக்குப் பத்து நிமிஷம் போதும்மா. விடை தெரியாத கேள்வி ஒன்றைப் பலகையில் எழுது. 2-ஐ விடப் பெரிய எந்த இரட்டைப்படை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகைதானா? 28 என்றால் 11-ம் 17-ம். 1742-ல் கோல்டுபாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் கிளம்பிய கேள்வி. இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. 'இது பரீட்சைக்கு வராது' என்று நீயே சொல்லிவிடு. நாலு பேராவது நோட்டில் போட்டுப் பார்ப்பார்கள். அந்த நாலு பேரை விட்டுவிடாதே."

"இந்த வருஷம் முடியட்டும் சார், பார்க்கிறேன்" என்றாள். எனக்கு அது போதும்.

கல்லூரியில் இருக்கும் மற்றவர்களும் உங்கள் பாடத்தில் இன்னும் விடை கிடைக்காத ஒரு கேள்வியைக் கீழே எழுதுங்கள். உங்கள் வாத்தியாருக்கும் தெரிந்துகொள்ள ஆசை.