பக்கத்து வில்

அரியலூரில் பத்து வயதில் வயலின் கற்றேன். வலது கணுக்காலில் வாத்தியத்தை ஊன்றி, வாத்தியார் வாசித்ததைத் திருப்பி வாசிப்பதுதான் பாடம். பக்கத்துப் பையன் வாசித்ததை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைப் பள்ளியின் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவைக் கேட்டபோதுதான் அது உறைத்தது. வசதியற்ற வீட்டுக் குழந்தைகள். தேர்ந்த கலைஞர்களிடம் இலவசமாகப் பயின்றவர்கள். ஒரு வரிசையின் விற்களெல்லாம் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. வாசிக்காத இடத்திலும் தாளத்தை எண்ணியபடி காத்திருக்கிறார்கள். விரலுக்கு முன்னால் காதைப் பழக்கியிருக்கிறார்கள்.

பெரம்பலூரில் பகலெல்லாம் வங்கிக் கணக்கு, இரவில் விமர்சனம். சக கவிஞனின் வரி முடியுமுன்பே என் அபிப்பிராயம் தொடங்கிவிடுகிறது. அந்தக் காத்திருப்பை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை, நானும் கேட்கவில்லை.